இயந்திரம் என்றார்கள்: வாங் பிங்யூவும் சீன கர்லிங்கும்

பனித்தளத்தில் கனமான கல்லைச் சறுக்கி விட்டு எதிர்முனை வட்டத்தின் நடுவுக்கு அருகே நிறுத்தும் ஆட்டம் கர்லிங். அதைத் தொடர்ந்து பார்க்கிறவர்களிடம் சீனப் பெண்கள் அணியைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு கருத்து தவறாமல் வந்து விழும். கல்லை அச்சு மாறாமல் விடுவார்கள், பயிற்சி அப்படி. ஆனால் ஆட்டத்தைப் படிக்கத் தெரியாது, இக்கட்டான நேரத்தில் என்ன ஆடுவதென்று சொந்தமாக யோசிக்கத் தெரியாது, இயந்திரம் மாதிரி. கேட்கும்போது நியாயம் போலவே படும். ஒலிம்பிக் அரையிறுதியில் 9–4 என்று தோற்ற அணி, அடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும் அரையிறுதி வரைகூட வராத அணி என்று கணக்கும் காட்டுவார்கள். ஆனால் அந்த அணியின் ஸ்கிப், அதாவது ஆட்டத்தை வழிநடத்தும் தலைவி, வாங் பிங்யூவின் ஆட்டக் காலத்தை 2005-இலிருந்து 2018 வரை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்தக் கருத்து எந்த இடத்திலும் ஒட்டவில்லை. துல்லியம் ஒன்று, யோசனை ஒன்று என்று பிரித்துப் பேசுவதே கர்லிங்கில் செல்லாது என்பது என் எண்ணம். அதை வாங்கின் கதையை விடத் தெளிவாகக் காட்டும் கதை வேறு இல்லை.

வாங் பிங்யூ 1984-இல் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் ஹார்பின் நகரில் பிறந்தவர். பனிக்கட்டி விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் சீனாவில் ஹார்பின்தான் வேர். கர்லிங் மட்டும் அங்கேயே புதிது. சீனா உலக கர்லிங் கூட்டமைப்பில் சேர்ந்ததே 2002-இல். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் நடந்த 2005 உலகப் போட்டியில் சீனப் பெண்கள் முதன்முறையாகக் களம் இறங்கினார்கள். பின்னால் நிலைத்த அணியில் வாங் ஸ்கிப்; கல் விடும் வரிசையில் லியூ யின் மூன்றாமவர், யுவே சிங்ஷுவாங் இரண்டாமவர், சோவ் யான் முதலாமவர். இந்த நால்வர் அணி 2014 ஒலிம்பிக் வரை கலையவில்லை. மற்ற நாடுகளில் நான்காண்டு ஒலிம்பிக் சுற்று முடிந்ததும் ஆள் மாறுவது வழக்கம். இங்கே அதே நான்கு பேர், அதே வரிசை. இதுவே அவர்களுடைய பெரிய பலம். பின்னால் பெரிய பலவீனமும் இதுவேதான் ஆனது.

ஒரு கல்லில் என்னவெல்லாம் இருக்கிறது

துல்லியம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அந்தத் துல்லியம் எதில் என்று பார்க்க வேண்டும். கல்லின் எடை 17.24-இலிருந்து 19.96 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அடிப்பாகம் குழிந்திருப்பதால் முழுக் கல்லும் பனியைத் தொடுவதில்லை; சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வளையம் மட்டுமே தொடுகிறது. ஆட்டக்காரர் ஹேக் எனப்படும் ரப்பர் பிடிமானத்தில் ஒரு காலை ஊன்றி உந்திச் சறுக்கி, அருகிலுள்ள ஹாக் கோட்டைக் கல் தொடுவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். கைப்பிடிக்குள் இருக்கும் உணரி, கோட்டைத் தாண்டியும் கை இருந்தால் சிவப்பு விளக்கைக் காட்டிவிடும். அப்படி ஆனால் அந்தக் கல் கணக்கில் இல்லை, எடுத்து வைத்துவிட வேண்டியதுதான்.

விடும்போது கைப்பிடி கடிகாரத்தின் பத்து மணி அல்லது இரண்டு மணித் திசையில் இருக்கும்; விரல்கள் அதை மெல்லப் பன்னிரண்டுக்குத் திருப்பி விடும். எதிர்முனை வட்டத்தைச் சேரும் வரை கல் இரண்டு மூன்று முறை மட்டுமே சுழல வேண்டும். சுழற்சி கூடினால் வளைய வேண்டிய கல் நேராக ஓடிவிடும். குறைந்தால் வழியில் சுழற்சி செத்து, எந்தப் பக்கம் திரும்பும் என்றே சொல்ல முடியாது. புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை, கை எடுக்கும் கடைசிக் கணத்தில் கல்லை, எதிர்முனையில் ஸ்கிப் இலக்காகப் பிடித்திருக்கும் துடைப்பத்தை நோக்கி லேசாகத் தள்ளிவிடுவது. சறுக்கிய திசை ஒன்று, தள்ளிய திசை இன்னொன்று. இங்கே ஒரு விரற்கடை தவறினால் எதிர்முனையில் ஒரு கல் அகலம் தவறும். சீன நால்வரின் பழைய ஆட்டப் பதிவுகளைப் பார்த்தால் இந்தப் பிழை அரிதாகவே கண்ணில் படும். தோள், முன்கை, சறுக்கும் பாதம் மூன்றும் ஒரே கோட்டில் போகும். இயந்திரம் என்ற பேச்சு கிளம்பிய இடம் அதுதான்.

அடுத்தது வேகம். பின்கோட்டிலிருந்து அருகிலுள்ள ஹாக் கோடு வரை 8.23 மீட்டர். அந்தத் தூரத்தைக் கல் எத்தனை நொடியில் கடக்கிறது என்று, கல்லுக்கு முன்னே பனியைத் துடைப்பத்தால் தேய்க்கும் ஸ்வீப்பர்கள் கையிலிருக்கும் ஸ்டாப்வாட்ச்சில் பிடிக்கிறார்கள். நல்ல பனியில் வட்டத்தின் நடுவே நிற்க வேண்டிய கல்லுக்கு நான்கு நொடிக்குச் சற்றுக் குறைவாக வரும். நொடியில் பத்தில் ஒரு பங்கு மாறினால் கல் நிற்கும் இடம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தள்ளிப்போகிறது. வட்டத்தின் மொத்த விட்டமே 3.66 மீட்டர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்த்ததும் ஸ்வீப்பர்கள் ஸ்கிப்புக்குக் குரல் கொடுப்பார்கள். பல அணிகள் கல் நிற்கப்போகும் இடத்தை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணால் சொல்கின்றன: மூன்று வரை வட்டத்துக்கு முன்னே காவல் கல், ஏழு என்றால் நடுக்கோடு, பத்து என்றால் பின்விளிம்பு. ஐந்து என்று குரல் வந்தது, ஸ்கிப்புக்கு வேண்டியது ஏழு என்றால், உடனே தேய்க்கச் சொல்லிக் கத்துவார். தேய்ப்பதால் கல்லை இரண்டு மூன்று மீட்டர் கூடுதலாக ஓட்ட முடியும். வளைவையும் குறைக்க முடியும். வேகமாகப் போய்விட்ட கல்லை மட்டும் யாராலும் நிறுத்த முடியாது. அதனால்தான் தேர்ந்த அணிகள் வேண்டுமென்றே அரை எண் குறைவாக விட்டு, மீதியைத் துடைப்பத்தின் கையில் ஒப்படைக்கின்றன.

இனி யோசனைக்கு வருவோம். எதிரணியின் கல் வட்டத்தின் நடுவில் இருக்கிறது, அதற்கு முன்னே ஒரு காவல் கல் பாதி மறைக்கிறது, கடைசிக் கல்லான ஹேமர் எதிரணியின் கையில் என்று வையுங்கள். ஸ்கிப்புக்கு இரண்டு மூன்று வழிகள் இருக்கின்றன. பலமாக அடித்து அப்புறப்படுத்தலாம். வட்டம் வெறிச்சோடும், ஆபத்தும் குறையும், எதிரணி அந்தச் சுற்றை (இரு அணியும் தலா எட்டுக் கல் விட்டு முடிக்கும் ஒரு பகுதி) புள்ளி எடுக்காமல் முடித்து, அடுத்த சுற்றுக்கும் ஹேமரை வைத்துக்கொள்ளும். அல்லது காவல் கல்லைச் சுற்றி வந்து, எதிரணிக் கல்லின் முகத்தில் ஒட்டினாற்போல் நிற்கும்படி விடலாம். ஃப்ரீஸ் என்று பெயர். அது சரியாக நின்றால் எதிரணியால் அதை எளிதில் அகற்ற முடியாது. அடித்தால் தன் கல்லும் சேர்ந்து போகும். ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டால் எதிரணி அதை எளிதில் அடித்து அகற்றிவிடும். கேரம் ஆடியவர்களுக்கு இது புரியும்: பாக்கெட்டில் போடுவதை விட எதிராளியின் காயை மறித்து நிறுத்துவது பல நேரம் கடினம், பலன் அதிகம். ஸ்கிப் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுப்பது துணிச்சலைப் பொறுத்தது மட்டுமில்லை. தன் அணி அந்தக் கல்லைப் பத்துக்கு எத்தனை முறை அந்த இடத்தில் நிறுத்தும் என்பதைப் பொறுத்தது. நால்வரின் கை எவ்வளவு நம்பகமோ அவ்வளவுக்கு ஸ்கிப்பின் முன் வழிகள் விரிகின்றன. கை தடுமாறும் அணியில் எவ்வளவு பெரிய மூளை இருந்தாலும் அடித்து விரட்டுவதைத் தவிர வேறு வழி கிடைக்காது. வாங் பிங்யூ வட்டம் நிறையக் கல் குவித்து ஆடத் தயங்காதவர். அப்படி ஆட இயந்திரத்தால் முடியாது. கையை நம்பும் மூளையால்தான் முடியும்.

வெர்னனிலிருந்து கங்னுங்குக்கு

திருப்புமுனை என்று எல்லோரும் 2009-ஐச் சொல்வார்கள். நான் 2008 மார்ச்சைச் சொல்வேன், அதாவது தோற்ற ஆண்டை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள வெர்னனில் உலகப் போட்டி. லீக் சுற்று முடிந்ததும் முதல் நான்கு அணிகள் பேஜ் முறையில் மோதும். முதலிரண்டு அணிகளின் ஆட்டத்தில் வென்றவர் நேராக இறுதிக்கு. தோற்றவருக்கு அரையிறுதி என்ற இரண்டாவது வாய்ப்பு. சீனா அந்த ஆட்டத்தில் ஜெனிஃபர் ஜோன்ஸின் கனடாவை வென்று இறுதிக்குப் போனது. ஜோன்ஸ் ஜப்பானோடு அரையிறுதி ஆடி, கூடுதல் சுற்றில் தப்பித்து இறுதிக்கு வந்தார். இறுதியில் கனடா 7–4 என்று வென்றது.

சில நாள் இடைவெளியில் அதே எதிரணியை அதே அரங்கில் வென்றும் தோற்றும் போனால் அதில் படிக்க நிறைய இருக்கிறது. நேராக இறுதிக்குப் போகிறவருக்கு ஓய்வு கிடைக்கும். அரையிறுதி ஆடி வருகிறவருக்கோ அன்றைய பனி கையில் பழகியிருக்கும். கர்லிங்கில் பனி பற்றிய இந்தச் செய்தி சிறியதல்ல. பனிக்கட்டியின் மேற்பரப்பு ஏறத்தாழ மைனஸ் ஐந்து டிகிரியில் வைக்கப்படுகிறது. அதன்மேல் பெப்பிள் என்று சொல்லும் நீர்த்துளிகளைத் தெளித்து உறைய வைக்கிறார்கள். கல் ஓடுவது இந்தச் சிறு முகடுகளின் மேல்தான். ஆட்டம் போகப் போக முகடுகள் தேய்கின்றன. பலரும் கல் விட்ட நடுப்பாதை வேகம் கூடும், யாரும் போகாத ஓரம் மந்தமாகவே கிடக்கும். அரங்கு நிரம்பினால் மக்களின் மூச்சும் சூடும் காற்றின் ஈரத்தைக் கூட்டி, பனிமேல் மெல்லிய உறைபனி படியும். கல் சட்டென்று நின்றுவிடும். முதல் சுற்றில் ஒன்றேகால் மீட்டர் வளைந்த கல் ஏழாவது சுற்றில் எவ்வளவு வளையும் என்று சொல்ல வேண்டியது ஸ்கிப்பின் வேலை. இதைப் பயிற்சிக் கூடத்தில் கற்க முடியாது. ஒரே கூடத்தில், ஒரே பனியில், கூட்டமில்லாமல் ஆயிரம் கல் விட்டால் கை பழகும், கண் பழகாது.

சீனாவுக்கு அன்று இருந்த உண்மையான குறை இதுதான். உள்நாட்டில் ஈடுகொடுக்கும் எதிரணி இல்லை. விதவிதமான அரங்கம் இல்லை. கனடாவில் சிற்றூருக்கொரு கர்லிங் சங்கம் இருக்கும்; ஒரு பெண் பத்து வயதில் தொடங்கி மாகாணப் போட்டிகளைத் தாண்டி வரும்போது நூற்றுக்கணக்கான ஸ்கிப்களின் யோசனையைப் பார்த்திருப்பாள். வாங்குக்கு அந்தப் படிக்கட்டே கிடையாது. அதற்கு மாற்றாகச் சீன அணி பருவத்தின் பெரும்பகுதியைக் கனடாவிலேயே கழித்து, வாரக்கடைசிப் பணப்போட்டிகளில் கிளப் அணிகளோடு ஆடித் தீர்த்தது. கனடியரான டேனியல் ரஃபேல் பயிற்சியாளராக உடன் இருந்தார். சீன அரசு விளையாட்டு அமைப்பு வெளிநாட்டு வாழ்க்கைக்கு இப்படி ஆண்டுக்கணக்கில் செலவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது இல்லாமல் இந்த அணி இல்லை.

2009 பிப்ரவரியில் ஹார்பினில் நடந்த உலகப் பல்கலைக்கழக குளிர்கால விளையாட்டில் கனடாவை வென்று தங்கம். அடுத்த மாதமே தென்கொரியாவின் கங்னுங்கில் உலகப் போட்டி. இறுதியில் எதிரே சுவீடனின் அனெட் நோர்பெர்க்: 2006 ஒலிம்பிக் சாம்பியன், இரண்டு முறை உலக சாம்பியன், வாங்கை விடப் பதினெட்டு வயது மூத்தவர். சீனா 8–6 என்று வென்றது. ஆசிய அணி ஒன்று கர்லிங் உலகப் பட்டம் வென்றது அதுவே முதல்முறை. அப்போது வாங்குக்கு 24 வயது. யோசனை இல்லாமல் கல் மட்டும் விடுகிற அணி நோர்பெர்க்கின் அணியை இறுதியில் வெல்லாது. நோர்பெர்க் தவறுக்காகக் காத்திருக்கும் ஸ்கிப். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு தவறான முடிவுக்கும் அந்தச் சுற்றிலேயே விலை வாங்கிவிடுவார்.

வான்கூவரும் அதன் பிறகும்

2010 ஒலிம்பிக்கில் சீனா லீக் சுற்றில் ஆறு வெற்றி, மூன்று தோல்வி. அந்த ஆறில் ஒன்று செரில் பெர்னார்டின் கனடாவுக்கு எதிரானது, 6–5. லீக் முழுக்கக் கனடா தோற்றது அந்த ஓர் ஆட்டம்தான், அதுவும் சொந்த மக்களின் இரைச்சல் நடுவே. அந்தக் கூச்சலில் ஸ்கிப்பின் குரல் ஸ்வீப்பருக்குக் கேட்காது. கையசைவையும் துடைப்பத்தின் அசைவையும் வைத்தே எல்லாம் நடக்கும். அத்தனை ஆண்டு சேர்ந்து ஆடிய நால்வருக்கு அது பெரிய சிக்கலாகப் படவில்லை. பிறகு பிப்ரவரி 25-இல் அரையிறுதி, மறுபடியும் நோர்பெர்க், 9–4 தோல்வி. மறுநாளே வெண்கலத்துக்கான ஆட்டம். எதிரணி மிரியாம் ஒட்டின் சுவிட்சர்லாந்து. சீனா 12–6 என்று வென்றது. ஒலிம்பிக் கர்லிங்கில் ஆசியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் இது.

இக்கட்டில் உடைந்துபோகும் அணி என்பவர்கள் அரையிறுதியை மட்டும் எடுத்துக்காட்டுகிறார்கள். நான் மறுநாளைப் பார்க்கச் சொல்வேன். தங்கக் கனவு உடைந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அந்த நிலையில் பன்னிரண்டு புள்ளி எடுக்க வேண்டுமானால் பெரிய எண்ணிக்கைச் சுற்றுகள் வேண்டும். அதற்கு வட்டத்தில் கல்லைக் குவிக்கும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயந்த அணி அடித்து விரட்டி 5–4 என்று இழுத்துக்கொண்டு போகும்.

2011-இல் டென்மார்க்கின் எஸ்பியர்கில் உலக வெண்கலம். அந்தப் போட்டியில் தங்கம் யாருக்கு என்று பார்த்தால் மறுபடியும் அனெட் நோர்பெர்க், ஆனால் இந்த முறை முற்றிலும் புதிய மூன்று பேரோடு. எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான ஒப்பீடு இதுதான். சுவீடனில் ஒலிம்பிக் அணி கலைந்ததும் நோர்பெர்க் கையை நீட்டினால் பக்கத்திலேயே உலகத் தரமான இளையவர்கள் இருந்தார்கள். வாங் கையை நீட்டினால் அங்கே யாரும் இல்லை. நால்வரை மட்டும் பொத்திப் பொத்தி வளர்த்த முறை, அந்த நால்வர் உச்சத்தில் இருக்கும் வரை அற்புதமாக வேலை செய்தது. அவர்கள் களைத்ததும் பின்னால் வரிசையே இல்லை. 2014 சோச்சியில் அரையிறுதிக்கு வரவில்லை. அதே ஒலிம்பிக்கில் லியூ ரூயின் சீன ஆண்கள் அணி நான்காவதாக வந்தது. வெண்கல ஆட்டத்தில் சுவீடனிடம் கூடுதல் சுற்றில் 6–4 தோல்வி. சோச்சிக்குப் பிறகு வாங் சிறிது காலம் ஒதுங்கினார், பிறகு திரும்பினார். லியூ யின்னும் யுவே சிங்ஷுவாங்கும் இல்லை. பழைய நால்வரில் சோவ் யான் மட்டும் கூட இருந்தார்.

ஸ்கிப் ஒருவர் மூன்றாமவரை இழப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று பெரிதாகப் பேசப்படுவதில்லை. ஸ்கிப் தன் இரண்டு கல்லை விடப் போகும்போது வட்டத்தில் நின்று துடைப்பம் பிடிப்பது மூன்றாமவர். கோடு எப்படிப் போகிறது என்று பார்த்து ஸ்வீப்பர்களுக்குக் கத்துவதும் அவர்தான். சுற்றின் முடிவைத் தீர்மானிக்கும் கடைசிக் கல்லுக்கு ஸ்கிப்பின் கண் மூன்றாமவரே. கல் வளையத் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்பே கத்த வேண்டும். வளைந்த பிறகு கத்திப் பயனில்லை. வாங்கின் கை எந்த வேகத்தில் எப்படித் திரும்பும் என்று பத்தாண்டு பார்த்த கண் லியூ யின்னுடையது. புதியவருக்கு அதே எண்களைச் சொல்லிக் கொடுக்கலாம், அந்த ஒரு நொடியைச் சொல்லிக் கொடுக்க முடியாது.

2018 ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி கிடைக்காததால் சீனப் பெண்கள் 2017 டிசம்பரில் செக் நாட்டின் பில்சனில் தகுதிப் போட்டி ஆடி இடம் பிடித்தார்கள். ஒரு முன்னாள் உலக சாம்பியன் 33 வயதில், புதியவர்களோடு, கடைசி வாசல் வழியாக ஒலிம்பிக்குக்குள் நுழைந்தார். அந்த ஒலிம்பிக்கின் கர்லிங் நடந்த இடம் கங்னுங், 2009-இல் அவர் உலகப் பட்டம் வென்ற அதே அரங்கம். நான்கு வெற்றி, ஐந்து தோல்வி, அரையிறுதி இல்லை. அந்த முறை தென்கொரியா வெள்ளி, ஜப்பான் வெண்கலம். ஆசியப் பெண்களால் இது முடியும் என்று அதே பனியில் முதலில் காட்டியவர் களத்தில் இருக்கும்போதே மற்ற இருவரும் மேடை ஏறினார்கள். இதைத் தோல்விக் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை.

ஒரு மாதம் கழித்து, அதே அரங்கில் பாராலிம்பிக் சக்கர நாற்காலி கர்லிங். வாங் ஹைடாவோ ஸ்கிப்பாக இருந்த சீன அணி நார்வேயை 6–5 என்று வென்று தங்கம் பெற்றது. குளிர்கால பாராலிம்பிக்கில் சீனாவின் முதல் பதக்கமே அதுதான். சக்கர நாற்காலி ஆட்டத்தில் தேய்ப்பது கிடையாது. நீண்ட கோலால் கல்லைத் தள்ளி விட்டால் விட்டதுதான்; அரை எண் குறைந்தால் காப்பாற்ற யாரும் இல்லை. எந்தக் கல்லைத் தன்னால் நிறுத்த முடியும் என்று அறிந்தே அங்கே ஒவ்வொரு முடிவும் எடுக்கப்படுகிறது. கையும் யோசனையும் வேறுவேறு என்று சொல்கிறவர்கள் அந்த ஆட்டத்தை முழுதாக ஒருமுறை பார்க்க வேண்டும். நான்காண்டு கழித்து பெய்ஜிங்கில் சுவீடனை 8–3 என்று வென்று அதே தங்கத்தைத் தக்க வைத்தார்கள்.

2025 மார்ச்சில் தென்கொரியாவின் உய்ஜொங்புவில் நடந்த உலகப் போட்டியில் சீனப் பெண்கள் மறுபடியும் வெண்கலம் வென்றார்கள், தென்கொரியாவை அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்து. ஸ்கிப் வாங் ரூய். 2018-இல் கலப்பு இரட்டையர் ஆடியவர். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஸ்கிப்பாக இருந்த ஹான் யூ இந்த அணியில் மூன்றாமவர். ஒலிம்பிக் ஸ்கிப் ஒருவரே கடைசிக் கல்லுக்குத் துடைப்பம் பிடித்துக் கோடு பார்க்கும் அளவுக்கு இன்று அங்கே ஆள் இருக்கிறது. வாங் பிங்யூவுக்கு அவருடைய இரண்டாம் பாதியில் கிடைக்காமல் போனது இதுவே.